பனி ஏரி ரோபோவைக் கடனீரேரியில் மூழ்க வைத்தது எப்படி

கனடாவில் இருக்கும் மச்சான், உறைந்த ஏரியில் துளை போட்டு இறக்கித் தேடுகிற சின்ன ரோபோவை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டுப் போனான். குருநகர்ப் பக்கம் கடனீரேரியில், அதாவது கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரியில், தொலைந்துபோன நண்டு வலைகளைத் தேடலாம் என்று இறக்கினால், சாமான் தாழவே இல்லை. மோட்டர் முழுவேகத்தில் கீழே இழுக்க, பற்றரிதான் இறங்கியது.

மோட்டரில் பழுதில்லை, காரணம் உப்பு. ஏரி நன்னீர் ஒரு லீட்டர் ஏறக்குறைய 1000 கிராம், கடல்நீர் 1025 வரை வரும், அப்படியென்றால் நன்னீருக்குச் சரிக்கட்டிய, 5 லீட்டர் இடத்தை அடைக்கிற ரோபோவுக்கு இங்கே 125 கிராம் அளவு பாரம் போதாமல் போகிறது. வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை எடுத்து, ரோபோ அடியில் முன்னும் பின்னும் சமமாக, பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கினேன். ஒரு பக்கம் கூடினால் மூக்குக் குத்திக்கொண்டு போகும், கவனம்.

அப்புறம் இன்னொன்று, பாரத்தை முழுதாகச் சரிக்கட்ட வேண்டாம், மெல்ல மேலே வருகிற அளவுக்கு விடுங்கள். பாரம் கூடினால் மிதக்க வைக்க மோட்டர் தண்ணீரைக் கீழே தள்ளும், அடிச்சேறு கிளம்பும், கமராவில் ஒன்றும் தெரியாது. மச்சான் பனிக்கு அடியிலும் இப்படித்தான் செய்கிறானாம். மாரி மழைக்குப் பிறகு கடனீரேரியில் உப்புக் குறையும், அப்போது ஒன்றிரண்டு குண்டைக் கழற்ற வேண்டிவரும். அந்தந்த இடத்துத் தண்ணீரைப் பெரிய வாளியில் அள்ளி, அதில் விட்டுப் பார்த்தே இறக்குங்கள்.