வெஸ்டி நாய்களின் நுரையீரல் இறுக்க நோயைக் கண்டறிவது எப்படி?

வெஸ்டி என்று செல்லமாக அழைக்கப்படும் ஸ்காட்லாந்து இனமான வெஸ்ட் ஹைலேண்ட் வைட் டெரியர் நாய்களுக்கு, பெரும்பாலும் 8 வயதைத் தாண்டிய பிறகு, காரணம் புலப்படாமல் நுரையீரலில் நார்த்திசு படிந்து இறுகும் நோய் வருவதுண்டு. இருமலும் இளைப்பும் இருப்பதால் இதை இதயச் செயலிழப்பு என்று எண்ணி, உடலிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோசமைடு மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நுரையீரலில் நீர் இல்லாதபோது அந்த மருந்தால் பயனில்லை. நாய்க்கு நீரிழப்புதான் மிச்சம்.

முதலில் ஸ்டெதாஸ்கோப். மூச்சை உள்ளிழுக்கும்போது இரு பக்கமும், சூடான சட்டியில் கல்லுப்பு வெடிப்பதுபோல் படபடவென்று கேட்கும். கூடவே நாடியையும் எண்ணுங்கள். இதயச் செயலிழப்பில் துடிப்பு பொதுவாக வேகமாக இருக்கும். இந்த நோயிலோ அது நிதானமாக, மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். நாய் நன்றாகச் சாப்பிடும். நடக்கச் சொன்னால்தான் திணறும்.

எக்ஸ்ரேயை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். மூச்சு வெளிவிடும் நேரத்தில் எடுத்த படத்தில், அதுவும் பருத்த நாய் என்றால், நல்ல நுரையீரலும் வெளுத்துத்தான் தெரியும்.

அடுத்து தமனி ரத்தம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் தடவிய சிரிஞ்சில், பின்னங்கால் பாதத் தமனியிலிருந்து எடுங்கள். காற்றுக்குமிழை உடனே வெளியேற்றுங்கள். குமிழ் இருந்தால் அளவு தவறும். எடுத்த இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் நாய்க்கு ஆக்ஸிஜன் அழுத்தம் 80 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால் குறைவு. 60-க்குக் கீழே ஆபத்து.

எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை), இதயத்தின் வலப்பக்க மூவிதழ் வால்வு கசிவின் வேகம் விநாடிக்கு 3.4 மீட்டரைத் தாண்டினால், நுரையீரல் ரத்த அழுத்தம் உயர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இது இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்து வரும்.

பெரிய துப்பு தருவது சி.டி. ஸ்கேன். நாயைக் குப்புறப் படுக்க வையுங்கள். பக்கவாட்டில் கிடந்தால் கீழ்ப்புற நுரையீரல் சுருங்கி, நோய்போலவே மங்கலாகத் தெரியும். மயக்கம் கொடுத்திருந்தால் நுரையீரலை விரித்துப் பிடித்து எடுங்கள். மூடுபனி போர்த்திய மங்கலும், ஆங்காங்கே திட்டுத்திட்டான நிற மாற்றமும் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

மற்ற நோய்களை விலக்காமல் பெயர் சூட்டக்கூடாது. இதயப்புழு ஆன்டிஜன் (ரத்தத்தில் புழு விடும் பொருள்) சோதனை, மூன்று நாள் மலத்தில் நுரையீரல் புழு லார்வா தேடுவது, மயக்கம் தாங்கும் நாய்க்கு மூச்சுக்குழாய் அகநோக்கியும், நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டு உறிஞ்சியெடுக்கும் கழுவு நீர்ப் பரிசோதனையும் வேண்டும். அந்த நீரில் ஈயோசினோஃபில் என்ற வெள்ளை ரத்த அணு நிறைந்திருந்தால் அது வேறு நோய். அதற்கு ஸ்டீராய்டு பொதுவாக நன்றாக வேலை செய்யும்.

நுரையீரலில் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் செய்யும் திசுப் பரிசோதனைதான் உறுதியான சான்று. ஆனால் திணறும் நாய்க்கு அந்த அறுவை சிகிச்சை பெரும் ஆபத்து. அதனால் உயிரோடு இருக்கும்போது அரிதாகவே செய்கிறார்கள்.