ரெசிடென்சி இன்டர்வியூ: ஜூமிலா, நேரிலா?

ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து, யு.எஸ்.எம்.எல்.இ. (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு) எழுதிவிட்டு, கணவர் அல்லது மனைவியின் விசாவில் அமெரிக்கா வந்திறங்கியிருக்கும் டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரெசிடென்சிக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடியே பெறும் மேற்பயிற்சிக்கு, நான் இன்டர்வியூவுக்குப் போனது 2019 ஜனவரியில். டெட்ராய்ட் குளிரில் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைந்தேன். விமான டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் சேமிப்பு கரைந்தது. 2020-இல் கொரோனா வந்ததும் எல்லாம் ஜூமுக்கு மாறியது. இன்றும் பல ப்ரோகிராம்கள் அப்படியே தொடர்கின்றன. கையில் காசில்லாமல் வருகிற நமக்கு இது பெரிய வரம்தான்.

ஆனால் அன்று கேன்டீனில் நான் பார்த்த ஒரு காட்சியை எந்தத் திரையும் காட்டாது. இரவு டியூட்டி முடித்த ஜூனியர் தூங்கி விழ, சீனியர் அவளுடைய பேஜரை வாங்கிக்கொண்டு, "நீ முதல்ல சாப்பிடு" என்றார். எங்கே சேர விருப்பம் என்று வரிசைப்படுத்தித் தரும் லிஸ்ட்டில் அந்த இடத்தை முதலாவதாகப் போட்டேன். ஜூம் வழியாகச் சேர்ந்த என் ஜூனியர்கள் பலர், ஆஸ்பத்திரியை முதன்முதலில் பார்த்ததே வேலைக்குச் சேர வந்தபோதுதான் என்கிறார்கள். அந்த ஆதங்கம் நியாயமானது.

அதனால் நேரில் வரலாம் என்று அழைத்து, அது காரில் போகிற தூரமாகவும் இருந்தால் கட்டாயம் போங்கள். தூரம் என்றால் கடன் வாங்கிப் போக வேண்டாம். இன்டர்வியூவுக்கு முந்தைய மாலை ரெசிடென்ட்டுகளுடன் நடக்கும் ஜூம் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். பாதியில் விலகியவர்கள் உண்டா, இரவு டியூட்டி எப்படி, ஜே-1 (பயிற்சிக்கான விசா) மட்டும்தானா, எச்-1பி (வேலை விசா) தருவார்களா என்று அங்கே கேளுங்கள். எச்-1பி என்றால் யு.எஸ்.எம்.எல்.இ.-யின் கடைசித் தேர்வான ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும். ஜே-1 என்றால் பயிற்சிக்குப் பின் இரண்டு வருடம் ஊர் திரும்பும் நிபந்தனை உண்டு. குடும்பத்தோடு இருப்பவர்கள் இதை முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

நேரக் கணக்கில் கவனம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருப்பவருக்கு பாஸ்டனின் காலை 8 மணி என்பது விடியற்காலை 5. குழந்தை தூங்கும் அறையில் உட்காராதீர்கள். பகல் நேரமானால் பொது நூலகத்தில் ஸ்டடி ரூம் இலவசமாகவே கிடைக்கும். நம் இனிஷியல் குழப்பம் இங்கேயும் துரத்தும்: விண்ணப்பத்தில் உள்ள பெயரையே ஜூமிலும் போடுங்கள்.

பத்து இன்டர்வியூ முடிந்தால் எல்லா முகமும் ஒன்றுபோலத் தெரியும். லேப்டாப்பை மூடியதும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: யார் சிரித்தார்கள், யார் கேள்வியைத் தட்டிக்கழித்தார்கள் என்று. பிப்ரவரியில் லிஸ்ட் போட உட்காரும்போது அந்த நோட்டைத்தான் புரட்டுவீர்கள்.