கொலராடோ எல்க் வேட்டைக் குலுக்கல்: பாயிண்ட் இல்லாதவர் விண்ணப்பிப்பது எப்படி?

கொலராடோ மாநிலத்தில் எல்க் மான்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு கிடையாது. அதற்காக நினைத்த காட்டுக்கு நினைத்த வாரம் போய்ச் சுட்டுவிட முடியாது. மாநிலத்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, எங்கே எத்தனை ஆண், எத்தனை பெண் சுட விடலாம் என்று சிபிடபிள்யூ, அதாவது கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை, ஆண்டுதோறும் முடிவு செய்கிறது. ஆசைப்படுகிறவர்கள் அதிகம், லைசென்ஸ் குறைவு. அதனால்தான் குலுக்கல்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே திருட்டு வேட்டைதான் நினைவுக்கு வரும். இங்கே நிலைமை வேறு. காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் செலவில் பெரும்பகுதி லைசென்ஸ் விற்ற பணத்திலிருந்தும், 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் வரியிலிருந்தும் வருகிறது.

புதியவர்கள் பலரும் குலுக்கல் என்றால் லாட்டரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்க் விஷயத்தில் அது முக்கால்வாசி லாட்டரியே இல்லை. ஒவ்வொரு வேட்டைக்கும் ஒரு குறியீடு உண்டு; முதல் விருப்பம் கிடைக்காத ஆண்டுகளுக்கு ஏறும் முன்னுரிமைப் புள்ளிதான் பாயிண்ட். எந்தக் குறியீட்டை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே மற்ற படிகளைச் சுருக்கிவிட்டு அங்கேதான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

படி 1: குளிர்காலத்திலேயே வகுப்பை முடிக்கவும்

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் ஹண்டர் எஜுகேஷன் சான்று கட்டாயம். துப்பாக்கிப் பாதுகாப்பு, விலங்கை அடையாளம் காண்பது, சட்டம் எல்லாம் அதில் வரும். வேறு மாநிலத்தில் வாங்கிய சான்றும் செல்லும். மார்ச்சில் இடம் தேடினால் வகுப்புகள் நிரம்பியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் முடித்துவிடுவது நல்லது.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எச்1பி போன்ற விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி. நண்பர் சொன்னார் என்று இதில் இறங்காமல் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

படி 2: கணக்கு தொடங்கி, தகுதி லைசென்ஸ் வாங்கவும்

சிபிடபிள்யூ தளத்தில் கணக்கு தொடங்கினால் சிஐடி என்ற எண் கிடைக்கும். இனி எல்லாமே அந்த எண்ணின் பேரில்தான். சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கேட்பார்கள்.

அடுத்ததுதான் புதியவர்களை எரிச்சலூட்டும். குலுக்கலில் பெயர் சேர்க்கவே முன்கூட்டி ஒரு தகுதி லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். சிறு விலங்கு வேட்டைக்கான ஆண்டு லைசென்ஸ் அல்லது வசந்தகால வான்கோழி லைசென்ஸ் போதும். எல்க் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. முயல் வேட்டைக்காவது பயன்படும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு ஹாபிடாட் ஸ்டாம்ப் என்ற, விலங்குகளின் வாழிடப் பாதுகாப்புக்கான கட்டணமும் கூடச் சேரும்.

மாநிலவாசியா வெளியாளா என்பதையும் சரியாகக் குறிப்பிடவும். தொடர்ந்து ஆறு மாதமாவது கொலராடோவையே வீடாகக் கொண்டு வசித்திருந்தால்தான் மாநிலவாசி. லைசென்ஸ் விலையில் வித்தியாசம் பல மடங்கு. குலுக்கலிலும் வெளியாட்களுக்கான பங்கு குறைவு. பொய் சொன்னால் அது குற்றம்.

படி 3: குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளவும்

ஒவ்வொரு வேட்டைக்கும் ஒரு ஹண்ட் கோட் உண்டு. உதாரணத்துக்கு ஈ-எஃப்-018-ஓ1-ஆர் என்ற அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஈ என்றால் எல்க். எஃப் என்றால் பெண் மான். எம் என்று இருந்தால் ஆண். 018 என்பது வட்டார எண், வேட்டைக்காரர்கள் பேச்சில் ஜிஎம்யூ. ஓ1 என்பது முதல் ரைஃபிள் பருவம், அக்டோபர் நடுவில் வரும். அதில் இருப்பது பூஜ்யம் அல்ல, ஓ என்ற எழுத்து. கடைசி ஆர் ரைஃபிளைக் குறிக்கும். வில்லுக்கு ஏ, குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் அடைக்கும் மஸில்லோடர் துப்பாக்கிக்கு எம்.

பருவ இடத்தில் பி என்ற எழுத்து வந்தால் உஷார். அது தனியார் நிலத்தில் மட்டும் செல்லும் லைசென்ஸ். பாயிண்டே இல்லாமல் கிடைக்கிறதே என்று சந்தோஷமாக வாங்கிவிட்டு, அக்டோபரில் பண்ணைக்காரர் வேலிக்கு வெளியே நின்று என்ன பயன்? நிலத்துக்காரரின் அனுமதி முன்பே கையில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகவும். மற்றவர்கள் தேசியக் காடு அதிகமுள்ள வட்டாரமாகப் பார்க்கவும்.

படி 4: நான்கு விருப்பங்களை வரிசைப்படுத்தவும்

நான் அதிக நேரம் நிற்கப்போவதாகச் சொன்ன இடம் இதுதான். ஒரு விண்ணப்பத்தில் நான்கு விருப்பங்கள் எழுதலாம். முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் அந்த ஆண்டுக்கு ஒரு பாயிண்ட் ஏறும். முதல் விருப்பத்தைப் பிரிக்கும்போது அதிக பாயிண்ட் வைத்திருப்பவருக்குத்தான் முதலில் தருவார்கள். பொதுவாக ஒரே பாயிண்ட் உள்ளவர்களுக்குள்தான் கணினி எண் போட்டுக் குலுக்கும். வடமேற்கு மூலையில் இருக்கும் 2, 10, 201 ஆகிய வட்டாரங்களில் பெரிய கொம்பு ஆணுக்கு இருபது பாயிண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பூஜ்யத்தோடு நீங்கள் அங்கே முதல் விருப்பம் எழுதலாம். கிடைக்காது, அவ்வளவுதான்.

அந்த வரிசையின் இன்னொரு தொல்லை, தேவைப்படும் பாயிண்ட் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போவது. நீங்கள் ஒரு படி ஏறினால் படிக்கட்டும் ஒரு படி நீள்கிறது. இன்று தொடங்குகிறவர் அந்த மூன்று வட்டாரங்களைக் கனவாக வைத்துக்கொள்வது சரி, திட்டமாக வைத்துக்கொள்வது வீண் என்பது என் கருத்து.

விதியில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது விருப்பங்களைப் பிரிக்கும்போது பாயிண்டைப் பார்ப்பதே இல்லை. அவற்றில் லைசென்ஸ் கிடைத்தாலும் உங்கள் பாயிண்ட் குறையாது. முதல் விருப்பத்தில் வென்றால்தான் கணக்கு பூஜ்யமாகும். எனவே விஷயம் தெரிந்தவர்கள் முதல் விருப்பத்தில் ஈ-பி-999-99-பி என்று எழுதுகிறார்கள். எனக்கு மான் வேண்டாம், பாயிண்ட் மட்டும் போதும் என்பதற்கான குறியீடு அது. இரண்டாவது விருப்பத்தில் உண்மையில் போக நினைக்கும் வேட்டையை எழுதுவார்கள். பாயிண்டும் ஏறும், அதே ஆண்டில் காட்டுக்கும் போகலாம்.

எந்த வேட்டை இரண்டாம் விருப்பத்திலும் மிஞ்சுகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. டிரா ரீகேப் என்ற அறிக்கையைச் சிபிடபிள்யூ ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பாயிண்டில் கிடைத்தது, இரண்டாம் விருப்பக்காரர் எத்தனை பேருக்குக் கிடைத்தது எல்லாம் அதில் இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்கள், பார்த்ததும் தலை சுற்றும். வீட்டிலிருந்து காரில் போகக்கூடிய வட்டாரங்கள் ஐந்தாறை மட்டும் எடுத்து, கடந்த மூன்று ஆண்டு அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டும் இரண்டாம் விருப்பத்தில் கிடைத்திருந்தால் அதை நம்பி எழுதலாம்.

முதல் ஆண்டுக்குப் பெண் எல்க்கையே சிபாரிசு செய்வேன். போட்டி குறைவு. பல வட்டாரங்களில் ஆண் எல்க்கைச் சுட, ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளை இருக்க வேண்டும், அல்லது நெற்றிக் கிளை ஐந்து அங்குலம் இருக்க வேண்டும் என்று விதி. மூச்சு வாங்கும் உயரத்தில் பைனாகுலரில் கிளை எண்ணும் வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம். இறைச்சியும் பெண் மானுடையது மென்மையானது.

நண்பர்களோடு சேர்ந்து குழுவாகவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் குழுவில் யாருக்குக் குறைந்த பாயிண்டோ அதுவே எல்லோருக்கும் கணக்கு. ஐந்து பாயிண்ட் வைத்திருக்கும் மாமனாரைப் பூஜ்யம் வைத்திருக்கும் மருமகன் கீழே இழுத்துவிடுவார். வீட்டில் முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

மூஸ், பிக்ஹார்ன் ஆடு, மலை வெள்ளாடு ஆகியவற்றுக்கு விதி தனி. முதலில் மூன்று பாயிண்ட் சேர்க்க வேண்டும், பிறகுதான் குலுக்கலே. அங்கே அதிர்ஷ்டத்துக்கு உண்மையிலேயே வேலை உண்டு. அதை இங்கே தொடவில்லை.

படி 5: ஏப்ரல் முதல் செவ்வாய்க்குள் அனுப்பவும்

விண்ணப்பம் மார்ச் 1 அன்று திறக்கும். ஏப்ரல் மாதத்தின் முதல் செவ்வாய், மலைப்பகுதி நேரம் இரவு 8 மணிக்கு மூடும். முந்திக் கொடுத்தால் முன்னுரிமை எதுவும் கிடையாது. அதற்காகக் கடைசி மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம், தளம் திணறும். அனுப்பியதும் உறுதிப் பக்கத்தில் உள்ள குறியீடுகளை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூடும் நேரம் வரை திருத்தலாம். இப்போது கட்ட வேண்டியது விண்ணப்பக் கட்டணம் மட்டும், லைசென்ஸ் விலை பிறகு.

படி 6: முடிவு வந்த பிறகு

மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் முடிவு தெரியும். கிடைத்திருந்தால் ஜூனில் சொல்லப்படும் கெடுவுக்குள் பணம் கட்டியாக வேண்டும். தவறினால் லைசென்ஸோடு அதை வாங்கப் பயன்பட்ட பாயிண்டும் போகும். கணக்கில் பதிந்த கார்டு காலாவதி ஆகவில்லையா என்று மே மாதமே பார்த்துவிடுங்கள்.

கிடைக்கவில்லையா? ஜூனில் இரண்டாம் குலுக்கல் ஒன்று நடக்கும். மிஞ்சிய லைசென்ஸுகள் அதில் வரும், பாயிண்ட் கணக்கு அங்கே கிடையாது. அதிலும் விட்டால் ஆகஸ்ட் தொடக்கத்தில் மீதிப் பட்டியல் விற்பனைக்கு வரும். முந்தியவருக்கே கிடைக்கும் என்பதால் நல்லவை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வேண்டிய குறியீடுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, விற்பனை திறக்கும் முன்பே கணக்குக்குள் நுழைந்து தயாராக இருக்கவும்.