மான் வேட்டைக்குக் காற்சட்டை வாங்கேக்க

கடையில் காற்சட்டையை எடுத்ததும் நான் விலையைப் பார்ப்பதில்லை. துணியைத் துணியோடு உரசிக் கேட்பேன். சரசரத்தால் திரும்பக் கொழுவிவிடுவேன். மானுக்குக் காது அப்படி.

ஒன்ராறியோவில் ஒக்ரோபர் வில்வேட்டைக்கு மெல்லிய பொலியெஸ்டர் போதும். உண்ணி ஏறாமல் கால்முனையைச் சொக்ஸுக்குள் செருகுங்கோ.

நவம்பர் துவக்கு வேட்டைக்குக் கம்பளிதான். மரத்தில் கட்டின இருக்கையில் மணிக்கணக்காய் அசையாமல் இருக்கவேணும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். முதல் வருசம் ஜீன்ஸோடு போய், ஈரப்பனியில் தொடை விறைத்து, பத்து மணிக்கே இறங்கி வந்தவன் நான். பருத்தி வேண்டவே வேண்டாம். உள்ளே தேர்மல் (சூடு காக்கும் உள்ளுடுப்பு) போட ஒரு அளவு பெரிதாய் எடுங்கோ. சப்பாத்தோடு கழற்ற, முழங்கால்வரை பக்க ஜிப் இருந்தால் நல்லது.

துவக்கு வேட்டையில் மற்ற வேட்டைக்காரருக்குத் தெரியச் செம்மஞ்சள் உடுக்கவேணும் என்ற சட்டம் இடுப்புக்கு மேலேதான்: குறைந்தது 400 சதுர அங்குலம், அதோடு தொப்பி. காற்சட்டை எந்த நிறமும் சரி, வெள்ளை தவிர. தூரத்தில் மான்வால் மாதிரித் தெரியும்.