அடுத்த பட்டத்துக்கு எந்தத் தக்காளி? விதை வாங்கும் முன் செய்ய வேண்டியவை

விதைக் கடையில் பொட்டலங்களைப் பரப்பி வைத்து, எந்தப் படத்தில் பழம் நன்றாகச் சிவந்திருக்கிறது என்று பார்த்து வாங்குவதுதான் மாடித்தோட்டம் தொடங்கும் பெரும்பாலோரின் வழக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரே பழம் உள்ளங்கையை நிறைக்கும் என்று படம் போட்டிருந்த ஒரு வெளிநாட்டு ரகத்தை இணையத்தில் வாங்கி, ஜனவரிக் கடைசியில் விதைத்தேன். செடி ஆறடி உயரம் வளர்ந்து, ஏப்ரலில் கொத்துக் கொத்தாகப் பூத்து, ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காமல் அத்தனை பூவும் தரையில் கொட்டியது. விதையில் குறை இல்லை. எங்கள் ஊர் ஏப்ரலில் பூக்க வேண்டிய ரகம் அது அல்ல. அன்று முதல், ரகத்தைக் கடையில் தேர்வு செய்வதை விட்டுவிட்டு, நாட்காட்டியையும் சென்ற முறை செத்த செடியையும் வைத்து வீட்டிலேயே தேர்வு செய்துகொண்டு, அதன் பிறகே விதை தேடிச் செல்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இது தமிழ்நாட்டின் சமவெளிக்குப் பொருந்தும். மலைப்பகுதிக்கான மாற்றத்தை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதல் படி: பூக்கும் மாதத்தைக் கணக்கிடுங்கள்

தக்காளி நாற்று, விதைத்த 25 நாட்களில் நடும் பருவத்துக்கு வரும். நட்ட ஒரு மாத அளவில் முதல் பூங்கொத்து விரியும். பூ விரிந்து பழம் சிவக்க மேலும் ஒன்றரை மாதம் பிடிக்கும். ஆகவே, விதைக்கும் தேதியோடு எட்டு வாரங்களைக் கூட்டினால் பூக்கும் காலமும், பதினான்கு வாரங்களைக் கூட்டினால் முதல் பழமும் தெரிந்துவிடும். ரகத்துக்கு ரகம் சில நாட்கள் கூடும், குறையும். தொடங்குபவருக்கு இந்தக் கணக்கு போதும்.

பூக்கும் காலத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் வலுவிழந்து போகிறது. அப்போது பூக்காம்பின் நடுவில் முட்டிபோலத் தெரியும் கணுவை உற்றுப் பாருங்கள்: அந்த இடம் மஞ்சளாகி, விரல் பட்டதும் பூ கழன்று கையோடு வரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுவதால் அது நிற்பதில்லை. தப்பிப் பிடித்த காய்களுக்கும் வேறொரு சங்கடம் இருக்கிறது. பழத்துக்குச் சிவப்பு தரும் லைகோபீன் என்னும் நிறமி 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது என்பதால், மே மாதத்துப் பழங்கள் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் ஜூன்–ஜூலை, நவம்பர்–டிசம்பர், பிப்ரவரி–மார்ச் என மூன்று விதைப்புக் காலங்கள் வழக்கத்தில் உள்ளன. நவம்பரில் விதைத்தால் ஜனவரியில் பூக்கும். இரவு குளிர்ந்திருக்கும் அந்த நாட்களில் ஏறக்குறைய எந்த ரகமும் காய் பிடிக்கும் என்பதால், முதல் முறை வளர்ப்பவர்கள் இந்தப் பட்டத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நாற்றுத் தட்டை மட்டும் மழைச்சாரல் படாத இடத்தில் வையுங்கள். ஜூன்–ஜூலையில் விதைத்தால் பழுக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். வறண்டிருந்த மண்ணில் திடீரென்று நீர் ஏறும்போது பழம் வெடிக்கும், இலைக்கருகலும் கூடவே வரும். அதற்குத் தோல் தடித்த ரகங்கள் வேண்டும். பிப்ரவரி விதைப்பு ஏப்ரல் வெயிலிலும் வெள்ளை ஈயின் பெருக்கத்திலும் சிக்கிக்கொள்ளும். நிழல்வலையும் அனுபவமும் இல்லாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

சந்தை விலையைப் பார்த்துப் பட்டத்தை முடிவு செய்வதும் பயன் தராது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் தெருவில் பலர் அவசரமாக விதைத்தார்கள். அந்தச் செடிகளில் பழம் வந்தபோது விலையும் இறங்கியிருந்தது, மழையும் தொடங்கியிருந்தது.

இரண்டாம் படி: சென்ற முறை செத்த செடியை விசாரியுங்கள்

முதல் முறையாக வளர்ப்பவர்கள் அக்கம்பக்கத்து மாடிகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஏற்கெனவே வளர்த்தவர்களுக்கு இந்தப் படிதான் மிக முக்கியமானது. ஏனெனில், ரகங்களுக்கு இடையே சுவையிலும் அளவிலும் உள்ள வேறுபாட்டைவிட நோய் தாங்கும் திறனில் உள்ள வேறுபாடே செடி பிழைப்பதைத் தீர்மானிக்கிறது.

இலைகள் சிறுத்து, தடித்து, கிண்ணம்போல மேல்நோக்கி மடங்கி, ஓரம் மஞ்சளாகி, செடி குட்டையாகிப் புதர்போல நின்றுவிட்டதா? அது இலைச்சுருட்டை வைரஸ். இலையின் அடியில் இருந்து, தட்டினால் மாவு பறப்பதுபோலக் கிளம்பும் வெள்ளை ஈ அதைப் பரப்புகிறது. பாதித்த செடி தேறாது.

இலைகள் பச்சையாக இருக்கும்போதே செடி ஒன்றிரண்டு நாட்களில் தொங்கிப்போனால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகிக்கலாம். இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. மண்ணுக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் வெட்டுவாய் நீரில் படும்படி ஒரு கண்ணாடித் தம்ளரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்நூல்போல வெண்மையாக ஒன்று கீழே இறங்கினால் பாக்டீரியாதான். அப்படி எதுவும் இறங்காமல், செடியைப் பிடுங்கிப் பார்க்கும்போது வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழுவின், அதாவது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவின், வேலை. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் பையின் அடியில் நீர் தேங்கி வேர் அழுகியிருக்கும். அதற்கு ரகத்தை மாற்றிப் பயனில்லை, பையில் துளைதான் போட வேண்டும்.

அடியிலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி மேலே ஏறினால் முன்பருவ இலைக்கருகல். பழத்தின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழுவது நோயே அல்ல. ஒரு நாள் காய்ந்தும் ஒரு நாள் ஊறியும் கிடக்கும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து பழத்தின் நுனிவரை போய்ச் சேராததால் வருவது. நீண்ட வடிவப் பழங்களில் இது அதிகம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம் தெரிந்துவிட்டால் ரகம் தானாகச் சுருங்கி வரும். இலைச்சுருட்டை தொல்லை கொடுத்த மாடிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வீரிய ஒட்டான (இரு வேறு பெற்றோர் செடிகளைக் கலந்து பெற்ற ஹைப்ரிட்) கோ.டி.எச். 2 பொருந்தும், அது அந்த வைரஸைத் தாங்கக்கூடியது. இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றும் கலந்து வந்த இடத்துக்கு, பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் இருக்கிறது. இம்மூன்றையும் எதிர்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட வீரிய ஒட்டு அது. கொடைக்கானல், ஊட்டி போன்ற குளிர்ந்த, ஈரமான இடங்களில் பின்பருவ இலைக்கருகல்தான் பெரிய எதிரி என்பதால், அதையும் சேர்த்துத் தாங்கும் அர்கா அபேத் போன்றவற்றைத் தேட வேண்டும்.

எதிர்ப்புத் திறன் என்பதை நோயே வராது என்று பொருள்கொள்ள வேண்டாம். வந்தாலும் செடி காய்த்து முடிக்கும் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். நூற்புழுவை எதிர்க்கும் மரபணு உள்ள ரகங்கள்கூட, மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டும்போது அந்த எதிர்ப்பை இழக்கத் தொடங்குகின்றன. கறுப்பு வளர்ப்புப் பையில் நண்பகலில் கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூற்புழு கண்ட மண்ணை ரகத்தை நம்பி மறுபடி பயன்படுத்தாமல், மண்ணையே மாற்றுங்கள்.

மூன்றாம் படி: அடுப்படியைக் கேளுங்கள்

சந்தையில் நாட்டுத் தக்காளி ஒன்றும் பெங்களூர்த் தக்காளி ஒன்றும் வாங்கி, இரண்டையும் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தட்டையான நாட்டுப் பழத்துக்குள் அறைகள் பல இருக்கும். சாறும் விதையும் பலகையில் வழியும். தோல் மெலிதாக, புளிப்புத் தூக்கலாக இருக்கும். முட்டை வடிவப் பழத்துக்குள் இரண்டு மூன்று அறைகளே இருக்கும். சுற்றுச்சதை தடித்து, சாறு குறைந்து, கத்தி வழுக்காமல் இறங்கும். ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் முதலாவது, பச்சையாக நறுக்கிச் சேர்ப்பதற்கும் ஒரு வாரம் கூடையில் கெடாமல் இருப்பதற்கும் இரண்டாவது என்று பிரித்துக்கொள்ளலாம்.

ரசத்துக்கான தேர்வில் நான் முதலில் சொல்வது பி.கே.எம். 1. தேனியை ஒட்டிய அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளியிலிருந்து சடுதிமாற்றம் (மரபணுவில் ஏற்படும் திடீர் மாற்றம்) வழியாகப் பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட ரகம் இது. தட்டை உருண்டையான காயின் காம்புப் பக்கம் கரும்பச்சையாகத் தெரிவதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். பழுக்கும்போது அந்தப் பச்சை மறைந்துவிடும். அர்கா ரக்ஷக் பழமோ கெட்டியானது, பறித்தபின் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் தாங்கும்; ஆனால் ரசத்துக்குப் புளியைச் சற்றுக் கூட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

நான்காம் படி: இடத்தை அளந்துகொள்ளுங்கள்

தக்காளியில் குட்டை வகை, கொடி வகை என இரண்டு வளர்ப்பு முறைகள் உண்டு. குட்டை வகையில் தண்டின் நுனி பூங்கொத்தில் முடிந்து வளர்ச்சி நிற்கும். சில வாரங்களுக்குள் மொத்தமாகக் காய்த்து ஓயும். ஓர் அடி அகல, ஓர் அடி உயரப் பையும் இரண்டரை அடிக் குச்சியும் அதற்குப் போதும். கோ 1 ரகத்திலிருந்து வந்த கோ 3, அதாவது மருதம், இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. கொடி வகை நுனி நிற்காமல் நீண்டுகொண்டே போய், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழம் தரும். செர்ரித் தக்காளிகளில் பல இவ்வகையே. அதற்குப் பெரிய பையும், ஆறடிக்குக் கயிறோ பந்தலோ கட்ட வசதியும், பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடும் பொறுமையும் வேண்டும். காற்று வீசும் மாடியில் குட்டை வகையே நிம்மதி.

ஐந்தாம் படி: ரகமா, வீரிய ஒட்டா?

பி.கே.எம். 1, கோ 3 போன்ற ரகங்களில் தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்த்துக்கொள்வதால், நல்ல செடியின் விதையை எடுத்து வைத்து அடுத்த ஆண்டும் அதே செடியைப் பெறலாம். வீரிய ஒட்டு விதையில் அது நடக்காது. அடுத்த தலைமுறையில் பெற்றோரின் குணங்கள் பிரிந்து, ஒரு செடியைப்போல மற்றொன்று இருக்காது. சமையலறைப் பெங்களூர்த் தக்காளியைப் பிழிந்து முளைக்க வைத்தவர்களுக்குச் செடி வந்தும் பழம் ஏமாற்றியதற்கு இதுவே காரணம். எனினும், நோய் கடுமையாக இருக்கும் இடத்தில் விதை சேமிக்கும் ஆசைக்காக வீரிய ஒட்டை ஒதுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆறாம் படி: இரண்டே ரகங்களில் நில்லுங்கள்

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எட்டுப் பைகள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் நம்பகமான ஒரு ரகத்தையும், மூன்றில் சோதனைக்காக மற்றொன்றையும் வையுங்கள். இந்த நவம்பருக்கு நான் பி.கே.எம். 1 ஐந்தும் அர்கா ரக்ஷக் மூன்றும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒவ்வொரு பையிலும் ஒவ்வொரு ரகம் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு செடி செத்தால் அது ரகத்தின் குற்றமா, அந்தப் பையின் குற்றமா என்று சொல்லவே முடியாது.

ஏழாம் படி: பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கப் படத்தை மறந்துவிட்டு, பின்னால் உள்ள விவரச் சீட்டைப் பாருங்கள். ரகத்தின் பெயர், குவியல் எண், பரிசோதித்த தேதி, காலாவதி தேதி, முளைப்புத் திறன் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அரசுச் சான்று பெற்ற விதைக்கு நீல அட்டையும், விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மை நிலை விதைக்குப் பச்சை அட்டையும் உண்டு. தக்காளிக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதவீதம். தேதியே இல்லாமல் ‘நாட்டு விதை’ என்று மட்டும் அச்சிட்ட ஒரு பொட்டலத்தை நம்பி நான் விதைத்த இருபதில் நான்குதான் முளைத்தன.

ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதைகள் இருக்கும். எட்டுப் பைகளுக்குப் பதினைந்து விதைகளே அதிகம். ஆகவே பத்து கிராம் பொட்டலம் மலிவு என்று வாங்காமல், சிறு பொட்டலம் தேடுங்கள். அர்கா ரகங்களை பெங்களூரு நிறுவனம் இணையம் வழியாகவே சிறு பொட்டலங்களில் விற்கிறது. இளஞ்சிவப்புப் பூச்சு ஏறிய விதையாக இருந்தால் அது பூசணக்கொல்லி. கையைக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

விதைக்கும் அன்றே ரகத்தின் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிப் பையில் செருகுங்கள். மார்க்கர் மை எங்கள் மாடி வெயிலில் இரண்டு மாதத்தில் வெளுத்து, எது எந்தச் செடி என்பதே தெரியாமல் போயிற்று. அதே சீட்டின் பின்புறத்தில் முதல் பூ, முதல் பழம், கடைசியாகப் பறித்த நாள், செடி எதனால் ஓய்ந்தது என்ற நான்கை மட்டும் குறித்து வையுங்கள். அதற்கடுத்த பட்டத்தின் இரண்டாம் படிக்கு அந்தச் சீட்டுத்தான் வேண்டியிருக்கும்.