எச்.ஐ.வி. டெஸ்ட் முடிவு வரும்வரை என்ன செய்யலாம்?

முதலில், தொற்று வந்திருக்குமோ என்று நீங்கள் பயப்படும் சம்பவம் (ஆணுறை இல்லாத உறவு போன்றது) நடந்த தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், மற்றதை அப்புறம் படிக்கலாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய், தொற்று பிடிக்காமல் தடுக்கும் 'பெப்' மருந்து தேவையா என்று கேளுங்கள். தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

72 மணி நேரம் தாண்டிவிட்டால் இனி நாள் கணக்குதான். ஊசி போட்டு ரத்தம் எடுத்து லேபில் செய்யும் ஃபோர்த் ஜெனரேஷன் டெஸ்ட் (வைரஸின் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடுவது), தொற்று இருந்தால் 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். விரலில் குத்திப் பார்க்கும் ரேபிட் டெஸ்ட்டுக்கு 90 நாள்வரை ஆகலாம். பத்தாம் நாளில் வரும் 'நான்-ரியாக்டிவ்' (தொற்று தென்படவில்லை) முடிவான பதில் ஆகாது. பலர் சறுக்குவது இங்கேதான்: அவசரப்பட்டு நாலு லேபுக்கு அலைவார்கள், ஒன்றையும் நம்ப மாட்டார்கள். சரியான நாளில் ஒரு டெஸ்ட் போதும். பெப் எடுத்தவர்களுக்குக் கணக்கு மாறும். எப்போது சோதிப்பது என்று மருத்துவரே சொல்வார்.

காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு வந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள். டெங்குவிலும் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் அதே அறிகுறிகள்தான். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் பயத்தாலேயே வரும். நெறிகட்டியிருக்கிறதா என்று கழுத்தை நாளெல்லாம் அமுக்கினால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். அதுவே அடுத்த பயத்துக்குக் காரணமாகிவிடும். கொசுக்கடி, ஒரே தட்டில் சாப்பிட்டது, பொதுக் கழிப்பறை ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவாது.

முடிவு வரும்வரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம். டெஸ்ட் ஓசியில் நடக்கட்டும் என்று ரத்ததானத்துக்குப் போகவே கூடாது. ஆரம்பத் தொற்று சோதனையில் தப்பி இன்னொருவர் உடம்பில் ஏறிவிடலாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். 2017 சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் சோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது. சந்தேகங்களுக்கு எச்.ஐ.வி. உதவி எண் 1097.

முதல் கிட்டில் 'ரியாக்டிவ்' (தொற்று இருக்கலாம்) என்று வந்தாலும் அதோடு முடிவாகாது. வேறு கிட்டுகளிலும் பார்த்த பிறகே உறுதி செய்வார்கள். உறுதியானால் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையத்தில் மாத்திரை இலவசம். அதை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியே மற்றவருக்குப் பரவாது.

தூக்கமே வரவில்லை, உயிரை விடலாம் போலிருக்கிறது என்றால் முடிவுக்காகக் காத்திருக்காமல் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். நடு ராத்திரியிலும் எடுப்பார்கள்.