'டாங்க்' என்பது குளமா, தாங்கியா? பொருளறிந்து தமிழில் எழுதும் முறை

வன்னியில் ஆங்கில அறிக்கையொன்றைத் தமிழாக்க அமர்பவரை முதலில் இடறவைக்கும் சொற்களுள் 'டாங்க்' ஒன்றாகும். அகராதியில் கண்டபடி 'தாங்கி' என்று எழுதினால், இரணைமடுக் குளம் இரணைமடுத் தாங்கியாகிவிடும். ஆகவே அச்சொல்லைப் பார்ப்பதற்கு முன் அதன் அயலில் நிற்கும் சொற்களைப் பாருங்கள்.

'பண்ட்', 'ஸ்லூஸ்', 'ஸ்பில்' ஆகியவற்றுள் ஒன்று அருகில் இருந்தால் அது குளமே. அவற்றை முறையே குளக்கட்டு, துருசு (நீரைத் திறந்துவிடும் மதகு), வான் (மேலதிக நீர் வழிந்தோடும் இடம்) என்று எழுதுங்கள். 'டாங்க் ஸ்பில் பண்ணுகிறது' என்பதைத் 'தாங்கி சிந்துகிறது' என்று எழுதினால் எந்தக் கமக்காரருக்கும் விளங்காது. குளம் வான் பாய்கிறது என்றால்தான் விளங்கும். 80 ஹெக்டேயர் வரையான வயலுக்கு நீர் பாய்ச்சுவது 'மைனர் டாங்க்', அதாவது சிறுகுளம். அதற்கு அடுத்த அளவினது 'மீடியம் டாங்க்'. இந்த இரண்டாவது பெயரில் படைத்துறையிலும் ஒருவகை வாகனம் உண்டு என்பதால், நீர்ப்பாசனக் கோப்புக்கு வெளியே அதைக் கண்டால் சற்று நிதானியுங்கள். இடப்பெயர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவே வேண்டாம்: 'ஜயன்ட்ஸ் டாங்க்' இராட்சதக் குளமன்று, மன்னாரின் கட்டுக்கரைக் குளம்.

போர் வாகனத்துக்கு இப்பெயர் வந்ததும் தண்ணீரால்தான். முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் அதை இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தாங்கி செய்வதாகவே வெளியில் சொல்லிக்கொண்டார்கள். 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கிய பின்னரும் அப்பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் அதை 'போர் டாங்கி' என்று வேறுபடுத்தி எழுதுவது நல்லது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் கவனம் வேண்டும்: இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதிக் காலத்தில் வீழ்த்தப்பட்டு, கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் பல ஆண்டுகள் சாய்ந்து கிடந்தது தண்ணீர்த் தாங்கியாயினும், 'கிளிநொச்சியில் வீழ்ந்த டாங்க்' என்று ஆங்கிலத்தில் படிக்கும் வெளியூரவர் போர் வாகனத்தையே நினைப்பார். அங்கு ஆங்கிலத்தில் 'வாட்டர்' என்ற சொல்லை விடாமல் சேருங்கள். அவ்வாறே, குளம் என்ற பொருள் இலங்கை, இந்திய ஆங்கிலத்துக்கே பழக்கமானது என்பதால், பிறநாட்டாருக்கு எழுதும்போது 'ரிசர்வோயர்' என்றே எழுதுங்கள்.

மற்றவை எளியவை. மோட்டார் சைக்கிளில் உள்ளது பெற்றோல் தாங்கி, மீன் வளர்ப்பது மீன்தொட்டி, 'திங்க் டாங்க்' சிந்தனைக் குழு. வரட்சிக் காலத்தில் தண்ணீர் கொண்டுவரும் 'டாங்கர்' மட்டும் நம் பேச்சில் பவுசர். தமிழ் அறிவித்தலிலும் அப்படியே எழுதுங்கள், இல்லாவிட்டால் குடத்தோடு எங்கே நிற்பதென்று சனங்களுக்குத் தெரியாது.